அந்தக் கேள்வியைத் தாண்டிப் போகலாமா?

கேள்வி: தம்பதிகளின் அந்தரங்க வாழ்க்கை பற்றிய ஓர் ஆய்வில் கலந்துகொள்ள எங்களைக் கேட்கிறார்கள். எனக்கு விருப்பம்தான். ஆனால் நான் சொல்வது கணவருக்கோ மற்றவர்களுக்கோ தெரிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம்

பதில்: அந்தப் பயம் எனக்கும் இருந்தது, சகோதரி. பல வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு கேள்வித்தாளோடு உட்கார்ந்தேன். பதினேழாவது கேள்வியில் பேனா நின்றுவிட்டது. உள்ளங்கை வியர்த்து, தாளின் ஓரம் ஈரமாகிவிட்டது. எதிரே இருந்த ஆய்வாளர், "அதை விட்டுடுங்க, அடுத்ததுக்குப் போங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் மீதியை உண்மையாக எழுதினேன்.

1940களில் அமெரிக்காவில் பாலியல் ஆய்வாளர் ஆல்ஃபிரட் கின்சியின் குழு ஆயிரக்கணக்கானவர்களை அவர்களுடைய அந்தரங்க வாழ்க்கை பற்றிப் பேட்டி கண்டது. பதில்களைச் சங்கேதக் குறிகளாகவே பதிந்தார்கள். தாளைப் பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது. 1960களில் லாட் ஹம்ஃப்ரீஸ் என்ற அமெரிக்கச் சமூகவியல் ஆய்வாளர் செய்தது நேர்மாறு. பொதுக் கழிப்பறைகளில் பாலுறவுக்காக ரகசியமாகச் சந்தித்துக்கொண்ட ஆண்களின் கார் எண்களைக் குறித்துவைத்து, பிறகு வேறு காரணம் சொல்லி அவர்கள் வீட்டுக்கே போனார். அதை என்னால் ஏற்க முடியவில்லை. சம்மதம் என்பது விஷயம் முழுதும் தெரிந்து கொடுப்பது.

அதனால் ஒப்புதல் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாகப் படியுங்கள். உங்கள் இருவரையும் தனித்தனியாகக் கேட்பார்களா? பெயரும் பதிலும் வேறு வேறு இடத்தில் இருக்குமா? பாதியில் விலகினால் சொன்னதை அழிப்பார்களா? மழுப்பினால் வேண்டாம் என்றே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், ஒருவர் பதிலை மற்றவர் கேட்பதில்லை என்று கணவரிடம் இன்றைக்கே பேசிக்கொள்ளுங்கள்.