மனதுக்கு அமைதி தந்த ஒரு வெள்ளக் காட்சி

"பார்த்தவுடன் மனம் அடங்கிப்போகும் ஓவியம் ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் உங்களுக்கு விசித்திரமாகப் படலாம். ஊருக்குள் வெள்ளம் புகுந்த காட்சி அது.

1876 மார்ச்சில் சேன் நதி பெருகி, பாரிசுக்கு மேற்கே உள்ள போர் மார்லி என்ற கரையோரச் சிற்றூரின் தெருக்களை நிறைத்துவிட்டது. பக்கத்திலேயே மார்லி லெ ருவாவில் குடியிருந்த இம்ப்ரெஷனிச ஓவியர் (கணநேர ஒளியைத் தீட்டுபவர்களில் ஒருவர்) ஆல்பிரட் சிஸ்லே, தூரிகைப் பெட்டியோடு வந்து அந்த வெள்ளத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தார். அவற்றில் பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கும் 'போர் மார்லியில் வெள்ளம்' தான் நான் சொல்வது.

இடப்பக்கம் மது வியாபாரி ஒருவரின் மாடி வீடு. மஞ்சளும் இளஞ்சிவப்புமாகச் சுவர். பெயர்ப்பலகையில் புனித நிக்கோலாவின் பெயர். அவர் படகுக்காரர்களுக்குக் காவலர் என்பது நம்பிக்கை. அவர் பெயர் தாங்கிய வீட்டு வாசலுக்கே படகு வந்து நிற்கிறது! வலப்பக்கம் தண்ணீருக்குள் நிற்கும் மரங்கள். கூரையில் ஏறிக் கைநீட்டுபவர் இல்லை, மிதந்து போகும் தட்டுமுட்டுச் சாமான் இல்லை. மழை விட்ட பிறகு ஊரில் ஒரு மௌனம் இருக்குமே, அதுதான் படம் முழுவதும்.

அந்த மௌனத்தில் பெரும்பங்கு வானத்துக்கு. வானம் வெறும் பின்புலமாக இருக்க முடியாது, படத்தை வானத்திலிருந்தே தொடங்குகிறேன் என்று நண்பரும் விமர்சகருமான அடால்ஃப் தவெர்னியேவுக்கு சிஸ்லே எழுதியிருக்கிறார். இங்கே சாம்பலும் வெள்ளையுமாக மேகங்கள். இடையே கொஞ்சம் நீலம். அதே நிறங்கள்தான் கீழே தெருவிலும் கிடக்கின்றன.

முதலில் இதை ஓர் அஞ்சலட்டையில்தான் பார்த்தேன். தண்ணீர் வழவழப்பாகத் தெரிந்தது. நேரில் பார்த்தபோதுதான், அது முழுக்கக் குறுக்குவாட்டில் இழுத்த சின்னச் சின்னத் தீற்றல்கள் என்று புரிந்தது. வீட்டுச் சுவரின் மஞ்சள் அந்தத் தீற்றல்களில் துண்டு துண்டாக உடைந்து நடுங்குகிறது. மேலே வீடு மட்டும் அசையாமல் நிற்கிறது. சிஸ்லேயை, அதே பாணியில் வரைந்த புகழ்பெற்ற ஓவியர் மோனேயின் நிழல் என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. ஒளியின் பின்னால் ஓடும்போதும் ஒரு வீட்டை வீடாகவே நிற்கவைத்தவர் இவர்.

வாழ்க்கை அவருக்கு அமைதியாக இல்லை. பிரெஞ்சு-பிரஷ்யப் போரோடு அப்பாவின் பட்டு வியாபாரம் நொடித்துப்போனது. அதன்பின் கடைசிவரை பணமுடை. இந்தப் படம் விலைபோனது 180 பிராங்குக்கு. பாரிசில் பிறந்தும், பெற்றோர் ஆங்கிலேயர் என்பதால் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைக்காமலே 1899 ஜனவரியில் இறந்தார். அடுத்த ஆண்டு மார்ச்சில் அதே தவெர்னியேவின் சேகரிப்பு ஏலத்துக்கு வந்தபோது, இதே படத்தை ஓவியச் சேகரிப்பாளர் இசாக் தெ கமோந்தோ 43,000 பிராங்குக்கு வாங்கினார்.

நான் போன அன்று மோனே ஓவியங்கள் முன்னால் கைப்பேசிகளோடு ஒரு கூட்டம் முண்டியடித்தது. இதன் முன்னால் நானும் ஒரு காவலாளியும்தான். படகிலிருப்பவர்களுக்கு முகம் உண்டா என்று பார்க்கக் குனிந்தேன். இல்லை, கருநிறத் தீற்றல்கள் மட்டுமே. காவலாளி தொண்டையைச் செருமினார். நான் ஓரடி பின்வாங்கினேன். தீற்றல்கள் மறுபடி மனிதர்களாகிவிட்டன.