பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும் ஆதாரைக் காட்டி 'சேலஞ்ச் ஓட்டு' போடலாமா?

போட முடியாது.

நீங்கள் கேட்டிருக்கும் அந்த வாட்ஸ்ஆப் தகவல் மூன்று விஷயம் சொல்கிறது. பட்டியலில் பெயர் இல்லையென்றால் 49ஏ பிரிவைச் சொல்லி, ஆதாரைக் காட்டி, 'சேலஞ்ச் ஓட்டு' போடலாமாம். உங்கள் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டால் 'டெண்டர் ஓட்டு' போடலாமாம். ஒரு பூத்தில் டெண்டர் ஓட்டு 14 சதவீதத்தைத் தாண்டினால் மறுவாக்குப்பதிவாம். இதில் நடுவில் இருப்பது மட்டும் உண்மை, அதுவும் பாதி.

நான் அரசுப் பள்ளி ஆசிரியர். மூன்று தேர்தல்களில் பூத் வேலை பார்த்திருக்கிறேன், கடைசி முறை தலைமை அலுவலராக. 2019 மக்களவைத் தேர்தலின்போது பரவிய இந்தத் தகவல் இன்னும் சாகவில்லை. எங்கள் பூத்துக்கு வந்த ஒரு பெரியவர் இதைத் தாளில் அச்சடித்தே கொண்டுவந்திருந்தார். கையில் வாக்காளர் அட்டை, ஆதார் எல்லாம் இருந்தன. பட்டியலில் மட்டும் பெயர் இல்லை. "இருபது வருஷமா இதே ஸ்கூல்லதான் சார் ஓட்டு போடுறேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்பது எனக்கும் தெரிந்தது. ஆனால் பட்டியலில் இல்லாதவருக்கு வாக்களிக்கும் உரிமை கிடையாது என்று 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62ஆவது பிரிவு சொல்கிறது. அட்டை 'நான் இன்னார்' என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். அவரைத் திருப்பி அனுப்பியது இன்றும் உறுத்துகிறது.

அந்த 49ஏ என்ன என்று அன்று இரவு வீட்டுக்கு வந்ததும் தேடிப் பார்த்தேன். 1961ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில் 49ஏ இருக்கிறது. அது மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பைப் பற்றிய விதி! யார் எழுதினார்களோ, எண்ணாவது சரியாகப் போட்டிருக்கலாம்.

'சேலஞ்ச்' என்ற ஏற்பாடு நிஜமாகவே இருக்கிறது, ஆனால் வாக்காளர் கேட்டு வாங்குவது அல்ல அது. விதி 49ஜே-யின்படி, வந்திருப்பவர் அந்த ஆளே இல்லை என்று சந்தேகப்படும் பூத் ஏஜென்ட், 2 ரூபாய் கட்டி ஆட்சேபம் சொல்வதுதான் சேலஞ்ச். (2 ரூபாய்க்குச் சில்லறை இல்லை என்று 10 ரூபாய்த் தாளை நீட்டிய ஏஜென்டைப் பார்த்திருக்கிறேன்.) தலைமை அலுவலர் அங்கேயே சுருக்கமாக விசாரிப்பார். ஆட்சேபம் நிற்கவில்லை என்றால் வந்தவர் மற்றவர்களைப் போலவே இயந்திரத்தில் ஓட்டு போடுவார். ஆள்மாறாட்டம் என்று உறுதியானால் போலீஸிடம் ஒப்படைப்போம். வேண்டுமென்றே தொல்லை கொடுக்கச் செய்த ஆட்சேபம் என்றால் அந்த 2 ரூபாய் திரும்ப வராது.

டெண்டர் ஓட்டுக்கு வருவோம். இது விதி 49பி-யில் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் ஏ, பி என்று வரிசையாக வரும் அந்த 'பி' அல்ல, 'ஓ'வுக்கு அடுத்து வருவது. எங்கள் பூத்தில் மதியம் ஒரு அம்மா வந்தார். அவர் பெயருக்கு நேரே ஏற்கெனவே சிவப்புக் கோடு விழுந்திருந்தது. விரலில் மையே இல்லை. ஒரே பெயரில் இரண்டு பேர், கணவர் பெயரும் ஒன்றுதான். காலையில் அந்த இன்னொருவர் வந்தபோது முதல் வாக்குச்சாவடி அலுவலர் தப்பான வரிசை எண்ணில் கோடு போட்டுவிட்டார் என்பது என் ஊகம். கள்ள ஓட்டு என்றதும் நமக்கு அடியாட்கள்தான் நினைவுக்கு வருவார்கள். நான் பார்த்த இந்த ஒரே டெண்டர் ஓட்டுக்கு அநேகமாக அசதிதான் காரணம்.

கேள்வி கேட்டு, அவர்தான் என்று திருப்தியானதும், இயந்திரத்துக்கு அனுப்பாமல் ஒரு வாக்குச்சீட்டைக் கொடுத்தோம். டெண்டர் ஓட்டுகளைப் பதிவு செய்யும் 17பி படிவத்தில் (இது ஆங்கில வரிசையில் ஏ-வுக்கு அடுத்த 'பி') கையெழுத்து வாங்கினோம். மறைவிடத்துக்குள் போய், அம்புக்குறி முத்திரையைக் குத்தி, மடித்து என்னிடம் தந்தார். அதைத் தனி உறையில் வைத்தேன். அப்புறம் அவர் கேட்டார்: "இதையும் எண்ணுவீங்கள்ல?"

எண்ண மாட்டார்கள். வாட்ஸ்ஆப் சொல்லாமல் விட்ட மீதிப் பாதி இதுதான். வாக்கு எண்ணும் நாளில் அந்த உறையைப் பிரிப்பதே இல்லை. பிறகு யாராவது தேர்தல் வழக்குப் போட்டு, நீதிமன்றம் சொன்னால்தான் அதற்கு உயிர் வரும். அப்படி நடக்குமா என்றால், நடந்திருக்கிறது. 2008இல் ராஜஸ்தான் சட்டமன்றத் தேர்தலில் நாத்துவாரா தொகுதியில் காங்கிரஸின் சி.பி. ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். வழக்கில் டெண்டர் ஓட்டுகள் பெரிய பேச்சாகி, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அதற்காக உங்கள் டெண்டர் ஓட்டு ஆட்சியை மாற்றிவிடும் என்று சொல்லவில்லை. ஆனாலும் கேட்டு வாங்குங்கள். உங்கள் பெயரில் வேறொரு ஓட்டு விழுந்தது என்பதற்கு அரசாங்கக் காகிதத்தில் இருக்கும் சாட்சி அது. 17சி கணக்குப் படிவத்திலும் அந்த எண்ணிக்கை ஏறும்.

14 சதவீதக் கதை சுத்தமான கற்பனை. மறுவாக்குப்பதிவுக்கு அப்படி எந்த சதவீதமும் விதியில் இல்லை. இயந்திரம் பழுதாவது, நடைமுறையில் பெரிய தவறு, பூத்தைக் கைப்பற்றுவது போன்றவற்றுக்காகத் தேர்தல் ஆணையம்தான் அதை முடிவு செய்யும்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். 'ஏ.எஸ்.டி. லிஸ்ட்' என்று ஒன்று எங்களிடம் தருவார்கள்: வீட்டில் இல்லாதவர், இடம் மாறியவர், இறந்தவர் என்று குறிக்கப்பட்டவர்கள். அதில் உங்கள் பெயர் இருக்கிறது என்று ஏஜென்ட் யாராவது சொன்னால் பயந்து திரும்பிவிடாதீர்கள். அது நீக்கம் அல்ல. பட்டியலில் பெயர் இருக்கும்வரை நீங்கள் ஓட்டு போடலாம். அடையாளத்தை மட்டும் கூடுதலாகச் சரிபார்ப்போம், கையெழுத்தோடு கைரேகையும் கேட்போம்.

சரி, பெயர் உண்மையிலேயே இல்லையென்றால்? பூத்தில் யாரோடு சண்டை போட்டும் பயனில்லை, தலைமை அலுவலருக்குப் பெயர் சேர்க்கும் அதிகாரமே கிடையாது. வேட்புமனு தாக்கலின் கடைசி நாளோடு பட்டியலின் கதவு மூடிவிடும். விண்ணப்பத்தின் மீது ஆட்சேபம் சொல்ல ஏழு நாள் அவகாசம் தர வேண்டும் என்பதால், கடைசி நாளில் ஓடினால் வேலை நடக்காது. புதிதாகச் சேர படிவம் 6, பெயரை நீக்கச் சொல்ல 7, முகவரி மாற்றத்துக்கும் திருத்தத்துக்கும் 8. முன்பெல்லாம் ஜனவரி 1 மட்டுமே 18 வயதுக் கணக்கு. இப்போது ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகியவையும் உண்டு.

இடம் மாறிவிட்டார் என்று சொல்லி உங்கள் பெயரை நீக்குவதானால், அதற்கு முன் உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்பது 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 22ஆவது பிரிவு. நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போய்ச் சேருவதுதான் நடைமுறைச் சிக்கல். பெரியவருக்கும் அதுதான் நடந்ததாம், இரண்டு தெரு தள்ளி மகன் வீட்டுக்குக் குடிபோயிருந்தார். தேர்தல் பதிவு அலுவலரின் முடிவு தப்பு என்று பட்டால் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம், அதற்கு மேல் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம்.

பூத் சிலிப் வீட்டுக்கு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வரைவுப் பட்டியல் வெளியாகும் வாரத்திலேயே உங்கள் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் தேடிக் குறித்து வையுங்கள். வீடு மாறியிருந்தால், இரண்டு தெரு தள்ளித்தான் என்றாலும், படிவம் 8 கொடுத்துவிடுங்கள்.