சிறு மென்பொருள் நிறுவனத்துக்கு ஏற்ற அஃபிலியேட் நெட்வொர்க் எது? – கேள்வி பதில்

கேள்வி: மூன்று பேர் சேர்ந்து நடத்தும் நிறுவனம் எங்களுடையது. 50 டாலர் விலையில் ஒரு மென்பொருளை இணையத்தில் விற்கிறோம். கிளிக்பேங்க், சிஜே, அவின் ஆகியவற்றில் எதில் சேரலாம்?

பதில்: இவை மூன்றும், உங்கள் பொருளைப் பரிந்துரைத்துக் கமிஷன் பெறுபவரை (அஃபிலியேட்) விற்பவரோடு இணைக்கும் நெட்வொர்க்குகள்; ஆனால் இவற்றை ஒரே தராசில் நிறுக்க முடியாது. கிளிக்பேங்க், வாங்குபவரிடம் பணத்தைத் தானே வசூலித்து, கமிஷனைப் பிரித்துக் கொடுத்துவிட்டு மீதியை உங்களுக்கு அனுப்புகிறது. சிஜேயிலும் அவினிலும் பணம் உங்கள் செக்அவுட் வழியாகவே வரும். யார் அனுப்பிய வாடிக்கையாளர் என்ற கணக்கையும் கமிஷன் பட்டுவாடாவையும் அவை பார்த்துக்கொள்ளும். ஆகவே, பணம் வசூலித்துத் தரும் பேடில், ஃபாஸ்ட்ஸ்பிரிங் போன்ற சேவை வழியாக ஏற்கெனவே விற்பவர் கிளிக்பேங்கிலும் சேர்ந்தால், ஒரே பொருளுக்கு இரண்டு கல்லாப்பெட்டிகளைப் பராமரிக்க நேரும்.

செலவையும் முழுமையாகக் கணக்கிடுங்கள். 30 சதவீதக் கமிஷன் என்றால் 15 டாலர். அந்தக் கமிஷன் தொகையில் 20 சதவீதத்தை நெட்வொர்க் தன் கட்டணமாகக் கேட்டால் இன்னும் 3 டாலர் சேர்ந்து, 50 டாலரில் 18 டாலர் போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, கமிஷனை நிறுத்திவைக்கும் காலம் உங்கள் ரீஃபண்ட் காலத்தைவிட நீளமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: சிறு நிறுவனங்களுக்கு ஷேர்எசேல்தான் நல்லது என்று படித்தேனே?

பதில்: ஷேர்எசேலும் ஓர் அஃபிலியேட் நெட்வொர்க்தான். ஆனால் அதை அவின் 2017-இல் வாங்கியது, 2025-இல் அந்தத் தளம் மூடப்பட்டு அவினோடு இணைந்துவிட்டது.

கேள்வி: வெளிநாட்டு அஃபிலியேட்டுக்குக் கமிஷன் கொடுத்தால் வரி பிடிக்க வேண்டுமா?

பதில்: ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு உங்கள் ஆடிட்டரிடம் செல்லுங்கள்.

கேள்வி: விற்பனை அப்படியே இருக்கிறது, கமிஷன் மட்டும் ஏறுகிறது. ஏன்?

பதில்: எனக்கும் இது நேர்ந்தது. ஒரு நாள் சர்வர் பதிவை வரிவரியாகப் படித்தேன். 21 நாட்களாக எங்கள் சோதனைப் பதிப்பை (டிரையல்) பயன்படுத்திவந்த ஒருவர் 11:42:05-க்கு வாங்கும் பக்கத்தைத் திறந்திருக்கிறார். 11:42:40-க்கு ஒரு கூப்பன் தளத்தின் அஃபிலியேட் கிளிக் பதிவாகியிருக்கிறது. 11:43:10-க்குப் பணம் வந்துவிட்டது. ‘கூப்பன் உள்ளதா?’ என்று நாங்கள் வைத்திருந்த பெட்டியே அவரை வெளியே அனுப்பியிருக்கிறது. கடைசி கிளிக்குக்கே கமிஷன் என்பது விதி என்பதால், 35 வினாடிகளில் அந்தத் தளம் 15 டாலர் பெற்றது. அன்றே அந்தப் பெட்டியை எடுத்துவிட்டோம்.

இதைவிடக் கொடியது, பார்ப்பவர் கிளிக் செய்யாமலே யார் அனுப்பினார் என்று குறித்துவைக்கும் சிறு கோப்பான குக்கீயை அவருடைய பிரவுசரில் திணிப்பது. இபேயிடமிருந்து சுமார் 2.8 கோடி டாலர் கமிஷன் பெற்ற ஓர் அஃபிலியேட், இந்த மோசடிக்காக 2014-இல் அமெரிக்காவில் சிறைத் தண்டனை பெற்றார்.

கேள்வி: கூப்பன் தளங்களை இப்படி ஒதுக்குவது நியாயமா? தயங்கி நிற்பவரை வாங்க வைப்பது அவர்கள்தானே?

பதில்: விலை பார்த்துத் தயங்குபவரை ஒரு கூப்பன் வாங்க வைக்கலாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் மேலே சொன்னவர் தயங்கவில்லை; அவர் ஏற்கெனவே வாங்கும் பக்கத்தில் இருந்தார். மூன்று பத்தி விமர்சனம் எழுதி அவரை டிரையலுக்கு அழைத்துவந்த வலைப்பதிவருக்கு ஒரு காசும் போகவில்லை. அந்த உழைப்புக்குரிய கூலி வேறொருவர் கைக்குப் போவதை என்னால் ஏற்க முடியாது. கூப்பன்களைத் தேடித்தரும் பிரவுசர் நீட்சியான, பேபால் 2020-இல் சுமார் 400 கோடி டாலருக்கு வாங்கிய ஹனி மீதும், 2024 இறுதியில் யூடியூபர்கள் இதே குற்றச்சாட்டைத்தான் வைத்தார்கள்.

கேள்வி: கமிஷன் அதிகம் கொடுத்தால் கூப்பன் தளங்களே போதாதா?

பதில்: போதாது. காரணத்தை மேலே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: சுருக்கமாகச் சொல்லுங்கள், எந்த நெட்வொர்க் சிறந்தது?

பதில்: முதல் பதிலைத் தயவுசெய்து படியுங்கள். ரீஃபண்ட் காலம் முடியும்வரை கமிஷனை நிறுத்திவைக்கவும், ஒவ்வொரு அஃபிலியேட்டையும் நீங்களே பார்த்து அனுமதிக்கவும் இடம் தராத நெட்வொர்க்கில் சேராதீர்கள்.

கேள்வி: நல்ல அஃபிலியேட்டை எங்கே தேடுவது?

பதில்: பணம் கொடுத்து வாங்கியவர்களின் பட்டியலில். உங்கள் மென்பொருளைப் பயன்படுத்திக்கொண்டே அதைப் பற்றி எழுதுகிறவர் அதில் ஒருவராவது இருப்பார். முதல் மின்னஞ்சலை அவருக்கு அனுப்புங்கள்.