கதண்டு கொட்டினால் மூச்சு இழுக்கிறது: இனி மரம் ஏறலாமா?

கேள்வி: என் கணவர் தேங்காய் பறிக்கும் வேலைக்குப் போகிறார். போன மாதம் கதண்டு இரண்டு இடத்தில் கொட்டியது. பத்து நிமிடத்தில் உடம்பெல்லாம் தடித்து, கண்ணை இருட்டி, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடையில் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். முன்பு பலமுறை கொட்டியும் வீக்கத்தோடு சரியாகிவிடும். சுண்ணாம்பு தடவினால் போதாதா? இனி மரம் ஏறலாமா?
– வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: முதலில் மரம் ஏறுவதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு ஏற வேண்டாம். தரையில் மயங்கினால் தூக்கிக்கொண்டு ஓடலாம், மரத்தின் உச்சியில் மயங்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். உயரம் குறைந்த மரங்களைத் துரட்டியால் கீழிருந்தே பறிக்கட்டும். பிழைப்பு சம்பந்தப்பட்டது என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

முன்பு ஒன்றும் ஆகவில்லையே என்ற கேள்வி நியாயமானது. ஒவ்வாமை அப்படித்தான் வரும். முந்தைய கொட்டுகளில் உடம்பு அந்த விஷத்தை அடையாளம் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிறகு ஒருநாள் ஒரே ஒரு கொட்டுக்கே ரத்த அழுத்தம் சரிந்து, தொண்டை வீங்கிவிடுகிறது. ஒருமுறை இப்படி ஆனவருக்கு மறுபடியும் ஆகலாம், இன்னும் கடுமையாகவும் ஆகலாம்.

அன்று போட்டது பெரும்பாலும் அட்ரினலின் ஊசியாக இருக்கும். இந்த நிலையில் உயிர் காப்பது அதுதான். சுண்ணாம்பு, மஞ்சள், வெங்காயம் எதுவும் ரத்தத்தில் கலந்த விஷத்தைத் தொடாது. செட்டிரிசின் மாத்திரை அரிப்பைக் குறைக்கும், மூச்சுத்திணறலை நிறுத்தாது. வெளிநாடுகளில் நோயாளியே குத்திக்கொள்ளும் பேனா போன்ற அட்ரினலின் ஊசி உண்டு. நம்மூரில் அது எளிதில் கிடைப்பதில்லை. அதனால் கொட்டிய உடனே, தடிப்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல், 108-ஐ அழையுங்கள். கிடைக்கிற வண்டியில் கிளம்பினாலும் சரி. தலை சுற்றினால் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், எழுந்து நடக்க விடாதீர்கள். மூச்சு முட்டினால் மட்டும் சாய்ந்து உட்காரலாம். ஊசி போட்டுச் சரியானதும் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். சில மணி நேரம் கழித்து அறிகுறிகள் திரும்ப வருவதுண்டு. ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், மெட்டோபுரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறாரா? அப்படியென்றால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவை அட்ரினலின் வேலை செய்வதைத் தடுக்கும்.

ஒவ்வாமை இல்லாதவர்களுக்கு ஒன்றிரண்டு கொட்டு பயப்படும்படி இருக்காது. சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸ் ஒத்தடம் கொடுத்தால் போதும். கையில் கொட்டினால் மோதிரத்தை உடனே கழற்றுங்கள். கதண்டு கொடுக்கை விட்டுச் செல்லாது, தேனீ விட்டுச் செல்லும். அதை நகத்தாலோ விரலாலோ, எப்படியாவது சட்டென்று எடுத்துவிட வேண்டும். ஆனால் கூட்டமாகக் கொட்டிவிட்டால் யாராக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிறுநீர் கறுத்து, சிறுநீரகம் செயலிழப்பது ஓரிரு நாள் கழித்துக்கூட நடக்கும். நன்றாக இருக்கிறார் என்று வீட்டிலேயே வைத்திருந்து தாமதமாகக் கொண்டுவருவது எனக்கு மிகவும் வேதனை தரும் விஷயம்.

அப்புறம், தோப்பில் கூடு தெரிந்தால் யாரும் கல்லெறியவோ, பந்தம் கொளுத்தவோ வேண்டாம். தீயணைப்பு நிலையத்துக்கு 101-ல் சொன்னால் வந்து அழித்துத் தருவார்கள்.