நுரையீரலுக்கு வெளியே காசநோய்: பரிசோதனைகள் குறித்த கேள்வி பதில்

கேள்வி: என் மனைவிக்குக் கழுத்தில் நெறிகட்டியிருக்கிறது. ஊசி வழியே எடுத்த மாதிரியை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுக் கிருமி இல்லை என்றார்கள். சிபிநாட் பரிசோதனையில் காசநோய் என்று வந்திருக்கிறது. எதை நம்புவது, டாக்டர்?

பதில்: இரண்டையும் நம்பலாம். சாயமேற்றிப் பார்க்கும்போது கிருமி தென்பட வேண்டுமானால் ஒரு மில்லி மாதிரியில் 5,000 முதல் 10,000 வரை இருக்க வேண்டும். நெறிக்கட்டியில் அவ்வளவு இருப்பது அரிது. சிபிநாட் எனப்படும் ஜீன்எக்ஸ்பர்ட், கிருமியின் மரபணுத் துண்டைப் பெருக்கிப் பார்ப்பதால், நூற்றுச் சொச்சம் கிருமிகளே இருந்தாலும் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடும். காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் உடன் தெரிவிக்கும். சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: அப்படியானால் ஆறு வாரம் காத்திருக்கும் கல்ச்சர் எதற்கு?

பதில்: கல்ச்சர் என்பது மாதிரியிலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பது. அதில் உயிருள்ள கிருமி மட்டுமே வளரும், மற்ற மருந்துகள் வேலை செய்யுமா என்பதை விரிவாகச் சோதிக்கவும் அதுவே உதவும். மரபணுப் பரிசோதனை செத்த கிருமியையும் காட்டும் என்பதால், சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்க அதைப் பயன்படுத்துவதில்லை.

கேள்வி: அப்பாவுக்கு நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது. ஜீன்எக்ஸ்பர்ட் நெகட்டிவ், ஆனாலும் காசநோய் மாத்திரை தொடங்கச் சொல்கிறார்கள். இது சரியா?

பதில்: சரியாக இருக்க வாய்ப்புண்டு. அந்த நீர் பெரும்பாலும் கிருமிக்கு எதிராக உடல் காட்டும் எதிர்வினையால் சேர்வது. அதில் கிருமி மிகச் சொற்பம். எனவே நோயுள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரை இப்பரிசோதனை தவறவிடுகிறது. பாசிட்டிவ் என்றால் நம்பலாம், நெகட்டிவ் என்றால் நோயில்லை என்று சொல்லிவிட முடியாது. நீரில் ஏடிஏ நொதி 40 யூனிட்டுக்கு மேலும், வெள்ளணுக்களில் லிம்போசைட் மிகுந்தும் இருந்தால் காசநோய்ச் சந்தேகம் வலுக்கும். சீழ் கோத்தாலும், சில புற்றுநோய்களிலும் ஏடிஏ உயரும் என்பதால், ஐயமிருந்தால் நுரையீரலைச் சுற்றியுள்ள உறையிலிருந்து திசு எடுத்துப் பார்ப்பதே நல்லது. இங்கே பழைய முறைகள்தாம் கைகொடுக்கின்றன என்பது என் கருத்து.

கேள்வி: காசநோயால் வரும் மூளைக்காய்ச்சலுக்கு என்ன பரிசோதனை?

பதில்: முதுகுத் தண்டிலிருந்து எடுக்கும் நீரை முதலில் ஜீன்எக்ஸ்பர்ட்டில் பரிசோதிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இலேயே பரிந்துரைத்துவிட்டது. சில துளிகள் போதா. நீர் கூடுதலாக இருந்தால் சுழற்றிப் படியவைத்துப் பரிசோதிக்கலாம். நெகட்டிவ் வந்தாலும், அறிகுறிகள் பொருந்துமானால், மருத்துவர் காத்திருக்க மாட்டார், காத்திருக்கவும் கூடாது.

கேள்வி: தம்பிக்கு முதுகெலும்பில் திசு எடுக்கப் போகிறார்கள். நாங்கள் கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

பதில்: உண்டு. எடுத்த திசு முழுவதையும் ஃபார்மலின் பாட்டிலில் போட்டு அனுப்பிவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. ஃபார்மலினில் கிருமி செத்துவிடும். பிறகு கல்ச்சர் செய்ய வழியில்லை, ஜீன்எக்ஸ்பர்ட்டுக்கும் அது ஏற்றதன்று. ஒரு துண்டு ஃபார்மலினில் திசுப் பரிசோதனைக்கும், இன்னொரு துண்டு சுத்தமான சலைனில் கிருமிப் பரிசோதனைக்கும் போகுமா என்று அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாளே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.