பகிடி விளங்காவிட்டாலும் போங்கள், தங்கச்சி

காரைதீவிலிருந்து லண்டன் வந்து நான்கு மாதம் என்று எழுதியிருந்தீர்கள். முதியோர் இல்லத்தில் உங்களோடு வேலை செய்யும் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை இரவு, லண்டனின் நாடக அரங்குகள் நிறைந்த வெஸ்ட் எண்டில் ஒரு மியூசிக்கல் கொமெடி, அதாவது பாட்டும் ஆட்டமும் கலந்த பகிடி நாடகம், பார்க்கக் கூப்பிடுகிறார்கள், போகவா விடவா என்று கேட்டீர்கள். உடுப்பு, காசு, திரும்பி வரும் வழி எல்லாம் கேட்டிருந்தாலும் உங்கள் பயம் ஒரு வரியில்தான் இருந்தது: எல்லோரும் சிரிக்கும்போது எனக்குப் பகிடி விளங்காவிட்டால்?

போங்கள். கட்டாயம் போங்கள்.

இதை லண்டனிலிருந்து எழுதவில்லை. லீவில் மட்டக்களப்புக்கு, வவுணதீவுப் பக்கம் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். வேளாண்மை வெட்டி முடிந்த காலம். நேற்று இரவு ஊரில் வடமோடிக் கூத்து அரங்கேற்றம், ஆடலும் பாடலுமாக நடக்கும் எங்கள் பக்கத்து நாட்டுக்கூத்து அது. கூத்து ஆடும் களரியைச் சுற்றிப் பாய் போட்டு விடியும்வரை இருந்தோம். என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்த என் சொந்தத் தங்கச்சியின் மகளுக்கு ஆறு வயது. கூத்துப் பாட்டின் சொற்கள் அவளுக்குப் பாதியும் விளங்காது. ஆனால் அரசன் வருவதை அறிவிக்கும் கட்டியகாரன் இடுப்பை வெட்டி ஆடிக்கொண்டு வந்ததும் எழும்பிக் குந்திவிட்டாள், அப்படி ஒரு சிரிப்பு. அம்மம்மா ஒரு கிழமையாகக் கதை சொல்லி வைத்திருந்தார். அடுத்த வரவு யாருடையது என்று எனக்கு அவள்தான் சொன்னாள்.

லண்டனிலும் நீங்கள் அதைத்தான் செய்ய வேண்டும். நாடகத்தின் பெயரைக் கேட்டு, கதையை முடிவு வரை முதலே வாசியுங்கள். அப்புறம் அதன் பாட்டுகளைத் தேடி, வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஒரு கிழமை கேளுங்கள். இந்த வகை நாடகத்தில் பகிடியில் பாதி பாட்டுக்குள்தான் இருக்கும். வேகமாகப் பாடும்போது அங்கேயே பிறந்தவர்களுக்கும் சில சொல் தவறும். உங்கள் ஊர்த் தமிழறிஞர் விபுலானந்த அடிகள் 'மதங்க சூளாமணி' என்ற தம் நாடக நூலில் ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழருக்குக் காட்டியபோது கதையையும் சேர்த்துத்தான் சொன்னார். கதை கையில் இருந்தால் மிச்சத்தை நடிகரின் முகமும் உடம்பும் சொல்லிவிடும்.

நான் முதன்முதல் போனபோது ரயில் தாமதமாகி, ஏழரைக்குத் தொடங்கும் நாடகத்துக்குப் பத்து நிமிடம் பிந்திவிட்டேன். கதவடியில் நின்ற பெண் உள்ளே விடவில்லை. ஒரு பாட்டு முடிந்து கைதட்டல் வரும்போதுதான் விடுவார்களாம். மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, உள்ளே ஆயிரம் பேர் சிரிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஊர் நினைவு வந்து தொண்டை அடைத்துவிட்டது. பிறகு இருட்டில் படியேறிப் போய் இருந்தேன். இடைவேளையில் பக்கத்து இருக்கை வயோதிப மாது ஐஸ்கிரீம் கப்பின் மூடியைக் கழற்றி, உள்ளே ஒட்டியிருந்த சின்னக் கரண்டியை எடுத்துக் காட்டினார். நான் கரண்டி தேடிக்கொண்டிருந்ததைக் கண்டிருக்கிறார். அதோடு, நடந்த கதையை ஆறுதலாகச் சொல்லியும் தந்தார். இரண்டாம் பாதியில் அவரோடு சேர்ந்து சிரித்தேன். ஆகவே ஏழு மணிக்கே வாசலில் நில்லுங்கள்.

உடுப்பைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஜீன்ஸும் வரும், சேலையும் வரும். மேல் மாடியில் வெக்கையாக இருக்கும், குளிர்கோட்டை மடியில்தான் வைக்க வேண்டும்.

காசு விஷயம். கீழே நடுவில் உள்ள நல்ல இருக்கை 100 பவுண்டையும் தாண்டும். மேல் மாடியில் 25, 30க்கும் கிடைப்பது உண்டு. ஆனால் பல தியேட்டர்கள் நூறு வருடத்துக்கு மேல் பழையவை, சில இருக்கைகளில் தூண் மறைக்கும். பார்வை தடைப்படும் என்று டிக்கெட்டில் போட்டிருந்தால் விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். லெஸ்டர் ஸ்குவேரில் ரி.கே.ரி.எஸ். என்ற கழிவு விலை டிக்கெட் கடை இருக்கிறது, அங்கேயும் கேட்டுப் பார்க்கலாம்.

ஒன்றை முன்கூட்டியே பாருங்கள். சில கொமெடிகளில் தூசணமும் சமயத்தைப் பகிடி பண்ணுவதும் இருக்கும். எத்தனை வயதுக்கு மேல் என்று நாடகத்தின் இணையப் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். மனதுக்கு ஒத்துவராது என்றால் வேறு நாடகம் பார்ப்போமா என்று அந்தப் பிள்ளைகளிடம் கேளுங்கள், குறை நினைக்க மாட்டார்கள்.

திரும்பி வருவது சுகம். பெரும்பாலும் பத்து மணி போல முடிந்துவிடும். வெம்ப்ளியில் இருப்பதாகச் சொன்னீர்கள். கிரீன் பார்க்கில் ஜூபிலி லைன் சுரங்க ரயில் எடுத்தால் வெம்ப்ளி பார்க்கில் இறங்கலாம். வெள்ளி, சனி இரவுகளில் அந்த லைன் விடிய விடிய ஓடும். ஆகவே முடிந்த பிறகு அவர்கள் எங்காவது தேநீர் குடிக்கக் கூப்பிட்டாலும் மணிக்கூட்டைப் பார்க்காமல் போங்கள். எந்த இடத்தில் சிரித்தீர்கள் என்று கேட்பார்கள். விளங்காத இடத்தை நீங்களே கேளுங்கள், ஆளுக்கொரு மாதிரி நடித்துக் காட்டுவார்கள்.

என்ன நாடகம் என்று இன்றைக்கே எழுதுங்கள். நான் பார்த்ததாக இருந்தால், கதையைத் தமிழில் குரல் பதிவாக அனுப்பி வைக்கிறேன்.