கொள்கைக்காக நட்பை முறித்த அல்பேனியா

அன்புள்ள ஐயா,

வெளியுறவு பற்றிய உங்கள் கட்டுரையில் சித்தாந்தத்துக்கு அளவுக்கு மீறி இடம் கொடுத்துவிட்டீர்கள். எந்த நாடும் லாப நஷ்டம் பார்த்துத்தான் உறவு வைக்கிறது. கொள்கையெல்லாம் மேடைக்குத்தானே? லாபத்தை விட்டுக் கொள்கையின் பின்னால் போன ஒரு நாட்டைக் காட்டுங்கள், பார்ப்போம்.

மதுரை வாசகர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

கம்யூனிஸ்ட் தலைவர் என்வர் ஹோஜா ஆண்ட ஐரோப்பிய நாடான அல்பேனியா இருக்கிறதே.

அதன் முதல் இரண்டு முறிவுகளில் உங்கள் பக்கமும் நியாயம் உண்டு. 1948இல் யுகோஸ்லாவியாவை விட்டு விலகியது. யுகோஸ்லாவியத் தலைவர் டிட்டோ அல்பேனியாவை விழுங்கிவிடுவார் என்ற பயம் வீண் பயமல்ல. 1961இல் சோவியத் உறவு அறுந்தது. ஸ்டாலினை அவருக்குப் பின் வந்த சோவியத் தலைவர் குருஷ்சேவ் தூற்றிய கோபம் ஒரு பக்கம், அவர் டிட்டோவோடு சமாதானமானதில் வந்த கலக்கம் இன்னொரு பக்கம். கைகொடுக்கச் சீனாவும் தயாராக இருந்தது. தன் மக்களே பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தபோதும் கோதுமை அனுப்பியது. அப்புறம் எல்பசானில் பெரிய இரும்பாலை கட்டவும் உதவியது.

மூன்றாவது முறிவு அப்படியல்ல. 1971 ஜூலையில், அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கு வரப்போகிறார் என்ற அறிவிப்பு வந்தது. முதலாளித்துவ அமெரிக்காவோடு கைகுலுக்குவதா என்று ஆகஸ்டிலேயே ஹோஜா சீனக் கம்யூனிஸ்ட் கட்சிக்குக் கண்டனக் கடிதம் எழுதிவிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் ஐ.நா.வில் சீனாவுக்கு இடம் வாங்கித்தந்த தீர்மானத்தை முன்னின்று கொண்டுவந்ததும் அல்பேனியாதான்! அல்பேனியாவுக்கு உதவி செய்யும் ஒரே பெரிய நாடு சீனா. லாபம் பார்ப்பவர் பேசாமல் இருந்திருப்பார். ஹோஜாவோ மாவோவின் மறைவுக்குப் பிறகு சீனாவைப் பகிரங்கமாகவே தாக்க ஆரம்பித்தார். 1978 ஜூலையில் சீனா உதவியை நிறுத்தியது.

சரி, வேறு யாரிடமாவது கடன் கேட்டிருக்கலாமே? அதற்கும் வழியில்லை. 1976இல் அவர்களே எழுதிய அரசியல் சட்டத்தின் 28ஆம் பிரிவு, முதலாளித்துவ நாடுகளிடமும், திருத்தல்வாத நாடுகளிடமும் (அதாவது, மார்க்சியப் பாதையை விட்டு விலகியதாக ஹோஜா கருதிய கம்யூனிஸ்ட் நாடுகள்) கடன் பெறுவதைத் தடை செய்திருந்தது. கடன் தரக்கூடிய நாடுகள் ஏறக்குறைய எல்லாமே அந்தப் பட்டியலில் அடங்கிவிடும். மேடைப் பேச்சை யாரும் இப்படிச் சட்டமாக்கித் தன் கையைத் தானே கட்டிக்கொள்வதில்லை. யார் எதிரி, எது நஷ்டம் என்பதையே ஹோஜாவுக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தக் கொள்கைதான்.

அதற்கான விலையை, யாரும் கருத்துக் கேட்காத மக்கள் கொடுத்தார்கள். ஹோஜா இறந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 1991 ஆகஸ்டில், கியூபாவிலிருந்து சர்க்கரை ஏற்றிவந்த வ்லோரா என்ற சரக்குக் கப்பல் அல்பேனியாவின் துரஸ் துறைமுகத்தில் நின்றது. சுமார் 20,000 பேர் அதில் முண்டியடித்து ஏறி, இத்தாலிக்கு விடச் சொன்னார்கள். பாரி நகரில் இறங்கியவர்களில் பெரும்பாலோரை இத்தாலி திருப்பி அனுப்பிவிட்டது.